ஏழு தாளமும் ஓர் ஊசியும்

தமக்கு உகந்த ஒரு சங்கீத மேதையிடத்தில் ஆழ்ந்த அபிமானம் கொண்டவர்கள், அந்த அபிமானத்தைக் காதால் கேட்டு இன்புறுவதோடு நிறுத்திக்கொள்ள மனம் வராமல், தம் கைவேலையாலும் ஏதேனும் ஒருவகையில் அதை வெளியிட வேண்டும் என்று ஆசைப்படுவது இயற்கையே. ஊசியும் நூலும் கைவந்த பெண்மணிகள் பலர் இந்த ஆசையால் தூண்டப்பட்டு, தலையணை உறையிலும் மேஜை விரிப்பிலும் வீணையையும் தம்பூராவையும் பூத்தையலாக இழைத்திருக்கிறார்கள். இன்னும் தேர்ந்தவர்கள் வித்வானின் முகத்தையே நூலால் எழுதிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வேலைகளின் நேர்த்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு குறை தோன்றும்: வித்வானின் உருவம் துணியில் இருக்கிறது, அவர் கையிலிருந்த வாத்தியமும் இருக்கிறது, அவர் ஆயுள் முழுவதும் எதைச் செய்தாரோ அந்தச் சங்கீதத்தில் ஓர் அணுவேனும் அங்கே இல்லையே என்பதுதான் அது.

சங்கீதத்தைத் துணியில் கொண்டுவர முடியுமா என்று கேட்கலாம். ராகத்தைக் கொண்டுவர முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலில், ஸ்வரங்களின் மேல் கமகக் குறிகளைத் தனித்தனியே அமைத்துக் காட்ட எவ்வளவோ பிரயத்தனம் செய்திருக்கிறார். அந்தக் குறிகளை வைத்துக்கொண்டும், குருமுகமாகக் கேட்டறியாத ஒருவரால் ஒரு பிடியைக்கூட உள்ளபடி பாடிவிட முடியாது. அச்சுக்கு அகப்படாதது ஊசிக்கு மட்டும் அகப்பட்டுவிடுமா? ஆனால் தாளத்தின் விஷயம் வேறு. தாளம் எண்ணிக்கை, பூத்தையலும், அதன் மிகப் பழைய வடிவங்களில், எண்ணிக்கையே. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் தங்கள் போர்வையாகிய புத்துக்குளியில், துணியின்மேல் எந்தக் கோடும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக அழகிய கோலங்களைத் தைத்துவிடுகிறார்கள். எண்ணித் தைக்கும் கலையும் எண்ணிப் பாடும் கலையும் சந்திக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு என்றால், அதை முத்துசுவாமி தீட்சிதரின் வார கீர்த்தனங்களில் காண்கிறேன்.

1775-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்து, காசி முதலிய க்ஷேத்திரங்களில் சஞ்சரித்து, 1835-ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் உடலை நீத்த அந்த மகான், கிரகங்களைத் துதித்துச் செய்த கீர்த்தனங்களுக்கு ஒரு வரலாறு சொல்வார்கள். அவருடைய சீடரும் மத்தளம் வாசிப்பதில் வல்லவருமான தம்பியப்பன் என்பவர் தீராத வயிற்றுவலியால் வருந்தினார் என்றும், அவருடைய ஜாதகத்தில் வியாழன் நிலை சரியில்லாதிருப்பதைக் கண்ட தீட்சிதர் அந்தக் கிரகத்தின் மீது அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றிச் சீடருக்குக் கற்பித்தார் என்றும், பாடி வரவே நோய் நீங்கியது என்றும், அதன் பின்னரே மற்றக் கிரகங்களின் மீதும் கீர்த்தனங்கள் பிறந்தன என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். ராகு, கேதுக்களின் மீதுள்ள இரண்டும் தீட்சிதருடையவைதாமா என்பதில் வித்வான்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஞாயிறு முதல் சனி வரை வாரத்துக்கு உரியவை ஏழே ஆகையால், நம் வேலைக்கு அந்த ஏழும் போதும்.

இந்த ஏழிலும் உள்ள அதிசயமான ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். நம் சங்கீதத்தில் ஸூளாதி சப்த தாளங்கள் என்று ஏழு தாளங்கள் உண்டு. துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம் என்று சாஸ்திரம் எந்த வரிசையில் சொல்கிறதோ அதே வரிசையில், ஞாயிற்றுக்குத் துருவம், திங்களுக்கு மட்டியம் என்று தொடங்கிச் சனிக்கு ஏகம் என்பது வரையில் தாளத்துக்கொரு கீர்த்தனமாகத் தீட்சிதர் அமைத்து வைத்தார். சௌராஷ்டிர ராகத்துச் சூரிய கீர்த்தனத்தில் தொடங்கி யதுகுல காம்போதியில் அமைந்த சனி கீர்த்தனத்தில் முடிப்பவன், வாரத்தைச் சுற்றி வரும்போதே தாள சாஸ்திரம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறான். ஒரு துணியில் ஏழு வரிசைகளாக விரித்து வைப்பதற்கென்றே சமைத்தது போன்ற அமைப்பு இது.

வேலையைத் தொடங்குமுன், தாளத்தின் அங்கங்களைக் கையால் போட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம். லகு என்பது ஒரு தட்டும் அதைத் தொடர்ந்து விரல் எண்ணுவதும்; தட்டையும் சேர்த்து அதன் எண்ணிக்கை திசிரத்தில் 3, சதுரசிரத்தில் 4, கண்டத்தில் 5, மிசிரத்தில் 7. திருதம் என்பது ஒரு தட்டும் ஒரு வீச்சும். அனுதிருதம் என்பது ஒரு தட்டு மாத்திரம். ஆகக் கையின் செயல்கள் மூன்றே. அந்த மூன்றுக்கும் மூன்று தையல்களை நியமித்துக்கொள்ளலாம்: தட்டுக்கு நான்கு கட்டம் உயரமுள்ள நேர்த்தையல், விரலுக்கு இரண்டு கட்டம் உயரமுள்ள நேர்த்தையல், வீச்சுக்கு உள்ளங்கை திரும்புவதைக் காட்டும்படி சாய்ந்த தையல். அட்சரம் ஒன்றுக்குத் தையல் ஒன்று. துணியில் கட்டம் ஒன்று.

இனி ஞாயிற்றுக்கிழமை வரிசையைத் தைப்போம். சதுரசிர துருவத்தின் கணக்கு 4, 2, 4, 4. மொத்தம் 14 அட்சரம். ஒரு நெடுந்தையல், மூன்று குறுந்தையல். ஒரு நெடுந்தையல், ஒரு சாய்தையல். பின்பு நெடிது ஒன்றும் குறிது மூன்றுமாக இருமுறை. மட்டியத்துக்கு 4, 2, 4 என்று 10. ரூபகத்துக்கு முதலில் திருதமும் பிறகு லகுவுமாக 2, 4 என்று 6. புதன்கிழமைக்கு உரிய மிசிர ஜம்பைதான் இந்த ஏழில் மிகவும் வினோதமானது: 7, 1, 2 என்று 10 அட்சரம். மட்டியத்துக்கும் இதற்கும் கூட்டுத்தொகை ஒன்றே. ஆயினும் இரண்டு வரிசைகளையும் தைத்துப் பார்த்தால் ஒன்றை ஒன்று சிறிதும் ஒத்திராது. ஏழு தாளங்களில் அனுதிருதம் வருவது ஜம்பை ஒன்றில்தான். ஆறு குறுந்தையல்கள் ஒழுங்காக ஓடிய பின், விரலோ வீச்சோ தொடராத தட்டு ஒன்று அடுத்த திருதத்தின் தட்டை ஒட்டி நிற்பதைக் கண் உடனே கண்டுகொள்ளும். பாட்டில் அதே இடத்தைக் காது கண்டுகொள்ளப் பலருக்கு அதிக அப்பியாசம் வேண்டியிருக்கிறது. வியாழனுக்குத் திசிர திரிபுடை 3, 2, 2 என்று 7. வெள்ளிக்குப் பரசு ராகத்துக் கண்ட அட தாளம் 5, 5, 2, 2 என்று 14. சனிக்கு ஏகம், வெறும் 4.

இப்படித் தனித்தனி அளவுள்ள ஏழு தாளங்களையும் ஒரே இடத்தில் தொடங்கித் தைத்துக்கொண்டே போனால், எல்லாம் ஒன்றாக முடிவது எப்போது என்ற கேள்வி எழும். கணக்கிட்டுப் பார்த்தால் 420-ஆவது அட்சரத்தில்தான் ஏழும் ஒருசேர ஆவர்த்தனம் முடிக்கின்றன. துருவமும் அடவும் 30 ஆவர்த்தனம், மட்டியமும் ஜம்பையும் 42, திரிபுடை 60, ரூபகம் 70, ஏகம் 105. அதற்கு முன் எங்கும் இவை அனைத்தும் ஒன்றுகூடுவதில்லை. அங்குலத்துக்கு 14 கட்டம் விழும் மேட்டித் துணியை எடுத்துக்கொண்டால் 420 கட்டம் சரியாக 30 அங்குலம் ஆகும்; துருவ தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் சரியாக ஓர் அங்குலத்தில் அடங்கிவிடும். இரு பக்கமும் மடித்துத் தைக்க மும்மூன்று அங்குலம் விட்டுத் துணி வாங்கினால் போதும். தையல்களின் தொகை ஏழு வரிசைக்கும் சேர்த்து 2,940. இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு சங்கீத சீசன் முழுவதும் வானொலியையோ இசைத்தட்டையோ கேட்டுக்கொண்டு மாலை நேரங்களில் தைப்பவருக்கு இது ஒரு பாரமே அன்று.

சாஹித்யத்துக்கும் ஓர் இடம் தர வேண்டும். தீட்சிதர் கீர்த்தனங்களின் நடை, பெரிய கோயிலில் வாகனம் புறப்பட்டு வருவது போன்ற விளம்ப நடை என்பது யாவரும் அறிந்தது. அப்படி மெதுவாக வந்த பாட்டு, முடிவுக்கு அருகே வரும்போது திடீரென்று சொற்கள் இரட்டிப்பு வேகத்தில் பொழியும்படி மாறுகிறது. மத்தியமகால சாஹித்யம் என்று அதற்குப் பெயர். இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம், தாளம் போடும் கையின் வேகம் சிறிதும் மாறுவதில்லை, சொல்லின் வேகமே மாறுகிறது என்பதாகும். ஆகையால் மேலே சொன்ன தாளத் தையல்களை வரிசையின் கடைசிவரை மாற்றாமல் தைத்துக்கொண்டு, அவற்றின் அடியிலே சாஹித்யத்துக்கென்று ஒரு தனிக் கோட்டைப் பின்தையலாக ஓட்டிவர வேண்டும். தொடக்கத்திலிருந்து அந்தக் கோட்டில் ஒவ்வொரு தையலும் இரண்டு கட்ட நீளம். கடைசி இரண்டு ஆவர்த்தனங்களில் மட்டும் ஒரு கட்ட நீளம். இரண்டு ஆவர்த்தனம் என்பது துருவத்துக்கு 28 கட்டமாகவும் ஏகத்துக்கு 8 கட்டமாகவும் இருப்பதால், இந்த நெருக்கம் ஏழு வரிசைகளிலுமாக ஐந்து வெவ்வேறு இடங்களில் தொடங்கும். துணியின் வலது ஓரத்தில் இதனால் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய முயல வேண்டாம். அது தாளங்களின் உண்மையான பேதம். அதை மறைத்தால் வேலையின் ஜீவன் போய்விடும்.

நிறங்களை நாம் தேட வேண்டியதில்லை. கிரகங்களுக்கு உரிய நிறங்களை ஆலயங்களில் நவக்கிரகங்களுக்குச் சாத்தும் வஸ்திரங்களிலேயே காண்கிறோம். ஆனால் சூரியனும் செவ்வாயும் சிவப்பு. சந்திரனும் சுக்கிரனும் வெண்மை. சூரியனுக்குக் குங்குமச் சிவப்பும் செவ்வாய்க்கு அரக்குச் சிவப்பும் வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல் தீரும். வெண்மைக்கு வேறு யுக்தி வேண்டும்: சந்திரனைப் பருத்தி நூலாலும் சுக்கிரனைப் பட்டு நூலாலும் தைத்தால், நிறம் ஒன்றாக இருந்தும் ஒளி இரண்டாகிவிடும். புதனுக்குப் பச்சை, வியாழனுக்கு மஞ்சள், சனிக்குக் கறுப்பு. வெண்மையும் கறுப்பும் மஞ்சளும் ஒருங்கே எடுப்பாகத் தெரிய வேண்டுமாதலால் துணி வெள்ளையாக இருத்தல் ஆகாது. நடுத்தரமான சாம்பல் நிறமே என் தேர்வு. கடையில் கிடைக்கும் பருத்திப் பூத்தையல் நூலில் ஆறு இழை சேர்ந்திருக்கும். தாளத் தையலுக்கு மூன்று இழையும் சாஹித்யக் கோட்டுக்கு இரண்டு இழையும் பிரித்தெடுத்து, முனை மழுங்கிய ஊசியில் கோத்துத் தைப்பது நலம். கூர் ஊசி கட்டத்தின் துளையை விட்டு இழையைக் குத்திக் கணக்கைக் கெடுக்கும்.

தீட்சிதர்மீது பக்தி கொண்ட சிலர், கமலாம்பா நவாவரண கீர்த்தனங்களை எண்ணி, ஸ்ரீசக்கரத்தையே தைக்கலாமே என்று விரும்பக்கூடும். அது எனக்கு உசிதமாகப் படவில்லை. பூஜைக்கு உரிய யந்திரம் மேஜை விரிப்பாகவோ சுவர் அலங்காரமாகவோ ஆவது தகாது. வடிவ அழகை விரும்புகிறவர்களுக்கு அவருடைய ஆனந்தபைரவிக் கீர்த்தனமாகிய ‘தியாகராஜ யோக வைபவம்’ இருக்கிறது. அதன் பல்லவியில், ஒரே தொடர் தன் முன்பகுதியைச் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டு, கடைசியில் ஓர் எழுத்தாகக் குறுகி நிற்கிறது; பசுவின் வாலைப் போல் அகன்று தொடங்கிக் குறுகி முடிவதால் இதைக் கோபுச்ச யதி என்பார்கள். அதே கீர்த்தனத்தின் பிற்பகுதியில், ஆறு போலச் சிறிதாகத் தொடங்கிப் பெருகும் சிரோதோவஹ யதியும் வருகிறது. எழுத்துக்கு இத்தனை கட்டம் என்று வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த கோடுகளின் நீளத்தைச் சொல்லின் நீளத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொண்டே போய்ப் பின்பு பெருக்கினால், வீணை உறைக்கோ பாட்டுப் புத்தகத்தின் மேலட்டைக்கோ மிகவும் பொருத்தமான கரை ஒன்று கிடைக்கும். திருவாரூர் ஆழித்தேரில் தொங்கும் தொம்பைகளில், துணித் துண்டுகளை வெட்டி ஒட்டுத்தையலாக அமைத்திருக்கும் வேலையைப் பார்த்திருப்பவர்கள், இந்தக் கரையையும் அதே முறையில் வண்ணத் துணிப் பட்டைகளால் அமைத்துக்கொள்ளலாம். தியாகராஜப் பெருமான்மேல் எழுந்த பாட்டுக்கு அவருடைய தேரின் கைவேலையே துணை நிற்பது பொருத்தந்தானே.

தீட்சிதர் தம் கீர்த்தனங்களில் ‘குருகுஹ’ என்று முத்திரை வைப்பது வழக்கம். ஒவ்வொரு வரிசையிலும் சாஹித்யக் கோடு நெருங்கும் இடத்துக்குச் சற்று முன்னே பொன்னிற நூலால் ஒரு முடிச்சுப் போட்டு அதைக் குறிக்கலாம். ஏழு வரிசைகளும் முடிந்த பின், துணியைக் கவிழ்த்து வைத்து, கீழே ஒரு தடித்த துண்டு விரித்து, பின்புறமாக இஸ்திரி போட வேண்டும். முன்புறம் போட்டால் நேர்த்தையல்கள் நசுங்கிவிடும். சிவப்பும் கறுப்பும் சாயம் விடுமா என்பதைத் தைக்குமுன்பே ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழு வேலைக்கு அவகாசமில்லாதவர்கள், வீட்டுக் குழந்தை பிறந்த கிழமை எதுவோ அந்தக் கிழமையின் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கைக்குட்டையின் ஓரத்திலே நாலைந்து ஆவர்த்தனம் தைத்துக் கொடுக்கலாம். வியாழக்கிழமை பிறந்த குழந்தையானால் 3, 2, 2 என்று விரலால் அந்தத் தையல்களைத் தடவிக்கொண்டே, பாட்டு வாத்தியாரிடம் போகுமுன்னரே திரிபுடை போடக் கற்றுக்கொண்டுவிடும்.