தூளும் தீயும்

ஆங் மோ கியோ வீடொன்றில் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது மேசையில் சிந்தும் மாவைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. குவிந்து கிடக்கும் மாவு தீப்பட்டால் மெல்லக் கருகும், அவ்வளவுதான். அதே மாவு மூடிய இடத்தின் காற்றில் புகைபோலப் பரவியிருக்கும்போது ஒரு பொறி பட்டால், நொடிக்கும் குறைவான நேரத்தில் அத்தனையும் எரிந்துவிடும்.

2021 பிப்ரவரி 24ஆம் தேதி துவாஸில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. அங்கிருந்த கலவை இயந்திரத்தைச் சூடாக்க, அதைச் சுற்றியிருந்த உறையில் எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தது. அழுத்தம் மிகுந்து அவ்வுறை வெடித்தது. சிதறிய எண்ணெய்த் துளிகள் தீப்பற்றின. அத்துடன் முடியவில்லை. அங்கிருந்த உருளைக்கிழங்கு மாவு அதிர்ச்சியில் மேலெழும்பி, அதுவும் எரிந்தது. இந்தியாவையும் பங்ளாதேஷையும் சேர்ந்த மூன்று ஊழியர்கள் உயிரிழந்தனர், எழுவர் காயமடைந்தனர். விபத்தின் காரணத்தை அறிய விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

தூள் ஏன் இவ்வளவு வேகமாக எரிகிறது? ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள நிலக்கரிக் கட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துகள்களாக உடைத்தால் பத்து லட்சம் துகள்கள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகிவிடும். காற்று தொடும் இடம் நூறு மடங்கு பெருகுகிறது. பிரான்சின் கூரியர் சுரங்கத்தில் 1906 மார்ச் 10ஆம் தேதி நிலக்கரித் தூள் வெடித்து 1,099 பேர் மாண்டனர்.

இருந்தும், சிமெண்ட் ஆலைகளும் பல அனல் மின் நிலையங்களும் நிலக்கரியை வேண்டுமென்றே மாவாக அரைக்கின்றன. தூளாக்கினால்தான் அது உலையில் முழுமையாக எரியும். ஈரத்தைப் போக்க, அரைக்கும்போதே வெப்பக் காற்றும் செலுத்தப்படுகிறது. எரிபொருள், வெப்பம், காற்று, மூடிய கூடு எல்லாம் ஓரிடத்தில் கூடிவிடுகின்றன. எனவே பாதுகாப்பை இயந்திரம் வந்த பிறகு ஒட்டவைக்க முடியாது. வரைபடத்திலேயே அது இருக்க வேண்டும்.

முதல் வழி ஆக்ஸிஜனைக் குறைப்பது. சிமெண்ட் ஆலைகளில் சூளையிலிருந்து வெளியேறும் வாயுவையே அரவை இயந்திரத்துக்குள் செலுத்துவதுண்டு. அதில் ஆக்ஸிஜன் குறைவு. தூள் இருந்தாலும் தீ பரவாது. ஆனால் இயந்திரத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இந்த ஏற்பாடு தடுமாறும். நின்றுபோன இயந்திரத்தின் மூலையில் தங்கிய கரி, யாரும் பற்றவைக்காமலே உள்ளுக்குள் புகையத் தொடங்கலாம். மீண்டும் இயக்கியதும் அந்தக் கங்கு தூள் மேகத்துக்குள் பறக்கும். ஆகவே அந்நேரங்களில் நைட்ரஜன் அல்லது கரியமில வாயு நிரப்பப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு கூடுகிறதா என்பதைக் கருவி கண்காணிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புகைச்சலை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வாயுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் வெடித்தால்? இயந்திரத்தின் கூட்டில் மெல்லிய தகடுகள் பொருத்தப்படுகின்றன. அழுத்தம் ஏறியவுடன் அவை முதலில் திறந்து, தீயை ஆள் நடமாட்டமில்லாத பக்கம் வெளியே விடுகின்றன. குழாய்களில் உள்ள அடைப்பிதழ்கள் தீ அடுத்த கலனுக்குத் தாவாமல் தடுக்கின்றன. தூளை வடிகட்டும் துணிப்பைகளில் மின்னேற்றம் சேராதபடி நிலத்துடன் மின்னிணைப்புக் கொடுக்கப்படுகிறது.

இயந்திரத்துக்கு வெளியே உள்ள எதிரி இன்னும் எளியது. உத்தரங்களின்மேல் படியும் தூள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தாலே போதும். சிறிய வெடிப்பு அதைக் கிளப்பிவிட, இரண்டாவது வெடிப்பு முதலாவதைவிடப் பெரிதாகிறது. இதனால் நல்ல ஆலைகளில் விளிம்புகளைச் சாய்வாக அமைக்கிறார்கள். தூள் வழுக்கி விழுந்துவிடும். தரையில் விழுந்ததை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளாமல், இதற்கென்றே செய்யப்பட்ட உறிஞ்சு கருவியால் எடுக்கிறார்கள்.