ஏரி நிரம்பும் முன்பே திறந்திருக்கலாமா?

2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பயணிகள் விமானங்கள் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் வந்து இறங்கின. விமான நிலையத்தை மூழ்கடித்த அடையாற்றில், டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. ஏரியின் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அதில் ஒரு டி.எம்.சி. காலியாக இருந்திருந்தால், அதே அளவு நீர்வரத்தை ஒன்பதரை மணி நேரம் ஷட்டரைத் தொடாமலே தாங்கியிருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே உண்டாக்க, நான்கு நாட்களுக்கு விநாடிக்கு 3,000 கன அடிக்கும் குறைவாகத் திறந்தால் போதும். அணை வெள்ளத்தைக் குறைப்பது நீரால் அல்ல, காலியிடத்தால்.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியதே, ஏரி என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயம்தான், ஏரிக்குக் கீழே பெய்த மழையும் பிற ஏரிகளின் உபரியும் அடையாற்றில்தான் சேர்ந்தன. ஆனால் ஆறு தானாகவே பெருகும் நேரத்தில் ஏரியையும் திறக்க நேர்ந்ததே சிக்கல். குடிநீருக்குச் சேமிக்க வேண்டாமா என்ற கேள்வி இன்னும் கனமானது: 2019 கோடையில் இதே ஏரி வறண்டது. அதனால்தான் எப்போது திறப்பது என்ற முடிவை ஓர் அதிகாரியின் துணிச்சலுக்கு விடாமல், எந்தத் தேதியில் எவ்வளவு காலியிடம் என்ற விதியாக எழுதிவைக்க வேண்டும். 2015 வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே 2018-இல் மத்திய தணிக்கை அறிக்கை குறிப்பிட்டது.