துணி மென்மையாக்கியும் டிரையர் தாளும்: எந்தத் துணிக்கு ஆகாது, யாருக்கு ஆகாது

துணி துவைத்தபின் கடைசி அலசலில் ஊற்றும் நறுமணத் திரவம் ‘ஃபேப்ரிக் கண்டிஷனர்’ என்ற பெயரில் இன்று சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் சிறு பாக்கெட்டுகளாகக் கிடைக்கிறது. நலமாக உள்ள ஒருவர் இதனை அளவோடு பயன்படுத்துவதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை. ஆயினும் ஆஸ்துமா அல்லது தோல் ஒவ்வாமை உள்ளவர், படுக்கையில் இருக்கும் நோயாளி, நெருப்பின் அருகே வேலை செய்யும் தொழிலாளி ஆகியோரின் துணிகளில் இது சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான காரணங்களையும் மாற்று வழிகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

இது எவ்வாறு செயல்படுகிறது?

மென்மையாக்கி அழுக்கை நீக்குவதில்லை. கிருமிகளை அழிப்பதும் அதன் பணியன்று. அதில் நேர் மின்னேற்றமும் கொழுப்புத் தன்மையும் கொண்ட வேதிப்பொருள்கள் உள்ளன. நனைந்த பருத்தி இழை எதிர் மின்னேற்றம் உடையது. ஆகவே அப்பொருள்கள் இழையில் ஒட்டி மெல்லிய படலமாகத் தங்கிவிடுகின்றன. இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால் துணி மென்மையாகத் தோன்றுகிறது. சலவைத்தூளுடன் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்யும். கடைசி அலசலில் மட்டும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

டிரையர் தாள் என்பது இதே வகைப் பொருள் பூசப்பட்ட மெல்லிய தாள். வெப்பக் காற்றால் உலர்த்தும் இயந்திரத்தில் துணிகளுடன் இட்டால், பூச்சு உருகித் துணியில் படிகிறது. நம் வீடுகளில் உள்ள அரைத் தானியங்கி இயந்திரத்தின் ‘டிரையர்’ தொட்டி நீரைச் சுழற்றிப் பிழிவது மட்டுமே. அதில் இத்தாளால் பயனில்லை.

துணியில் தங்குவதற்காகவே செய்யப்பட்ட பொருள் இது என்பதை நினைவில் கொண்டால், கீழே கூறப்படும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

தோலும் மூச்சும்

நறுமணப் பொருள்களும், திரவம் கெடாமலிருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள்களும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. அத்தகைய பாதுகாப்புப் பொருள்களுள் ஒன்றான மெத்தில்ஐசோதையசோலினோனை, அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. துணியால் வரும் அழற்சி பெரும்பாலும் ஆடை இறுகி உரசும் இடங்களிலும் வியர்வை தங்கும் இடங்களிலும் தோன்றும்: கழுத்து, இடுப்பு, அக்குளின் ஓரம், தொடையின் உட்புறம்.

ஆயினும் எல்லா அரிப்புக்கும் மென்மையாக்கி காரணமாகாது. தொழிலாளர் விடுதிகளில் பலர் ஓர் அறையில் தங்கும் இப்பகுதியில் சிரங்கு எளிதில் பரவும். இரவில் மிகும் அரிப்பு, விரல் இடுக்குகளில் பொரிகள், உடன் தங்குவோருக்கும் அதே தொல்லை ஆகியவை சிரங்கின் அடையாளங்கள். வட்டமாகப் பரவி, ஓரம் சிவந்து தடித்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் தனித்தனி மருந்து உண்டு. மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் பூசினால் படர்தாமரை மறைவது போலத் தோன்றி, பின்னர் மேலும் பரவும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கடுமையான மணம் எதுவாயினும் இழைப்பைத் தூண்டக்கூடும். 2011இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நறுமணச் சலவைத் திரவமும் டிரையர் தாளும் பயன்படுத்திய இயந்திரங்களின் புகைபோக்கிக் காற்றில் 25க்கும் மேற்பட்ட ஆவியாகும் கரிமச் சேர்மங்களைக் கண்டனர். ஆய்வு இரண்டு வீடுகளில் மட்டுமே நடந்தது. நோய் உண்டாகிறதா என அது ஆராயவில்லை. ஆனால் மூடிய அறையில் நறுமணத் துணிகளை உலர்த்துவதை ஆஸ்துமா நோயாளிகள் தவிர்ப்பது நல்லது.

துண்டு, குழந்தைத் துணி, நோயாளியின் விரிப்பு

கொழுப்புப் படலம் படிந்த துணி நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. சேலையில் இது பெரிதன்று. ஆனால் குழந்தையின் அணையாடை, மாதவிடாய்த் துணி, சிறுநீர் கட்டுப்பாடு இழந்த நோயாளிக்கு விரிக்கும் துணி ஆகியவற்றில் ஈரம் உள்ளே செல்லாமல் மேலேயே நின்று தோலை நனைத்துக்கொண்டிருக்கும். ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் புண்ணாகும். படுக்கையில் இருப்பவருக்குப் படுக்கைப்புண் உண்டாகும் வாய்ப்பு கூடும். இவற்றிற்கும் துண்டுகளுக்கும் மென்மையாக்கி வேண்டாம்.

தீயின் அருகே வேலை செய்பவரின் உடை

வார்ப்பு, வெல்டிங், உலை ஆகிய பிரிவுகளில் தரப்படும் தீத்தடுப்பு உடைகளில் மென்மையாக்கியோ டிரையர் தாளோ சேர்க்கக் கூடாது. படிந்த கொழுப்புப் படலம் தானே எரியக்கூடியது. உடையின் தீத்தடுப்பு ஆற்றலை அது குறைத்துவிடும். உடையின் உட்புறச் சீட்டில் இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். வீட்டில் துவைப்பவருக்கு அதனைப் படித்துச் சொல்வது தொழிலாளியின் பொறுப்பு. வெளிமாநிலத் தொழிலாளர்கள் உடன் தங்கியிருந்தால் அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

பூத்துண்டு, ஃபிளீஸ், வெல்வெட் போன்ற மயிருள்ள துணிகளில் மென்மையாக்கி அளவுக்கு மீறிச் சேர்ந்தால், தீப்பற்றும்போது அவை விரைந்து எரியும். அடுப்படியில் பயன்படும் துண்டுகளுக்கு இதனைத் தவிர்க்கவும்.

கிரானைட் அறுக்கும், மெருகேற்றும் பட்டறைகளிலிருந்து வரும் உடையில் சிலிக்கா தூசி இருக்கும். அதனை வீட்டுக்குள் உதறாமல், நேரே நீரில் ஊறவைத்துத் தனியாகத் துவைக்க வேண்டும்.

விறைப்புக்கும் வாடைக்கும் வேறு வழி

மென்மையாக்கியை நாடுவதற்கு இங்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து துணியில் படிந்து விறைப்பைத் தருகின்றன. மென்மையாக்கி நீரின் கடினத்தன்மையை நீக்காது. படிவின்மேல் மற்றொரு படலத்தைச் சேர்க்கும். துவைக்கும் சோப்புக்கு மாறாகச் சலவைத்தூளோ திரவமோ பயன்படுத்துங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ சேமித்த மழைநீரோ மிகுதியாக இருந்தால், கடைசி அலசலுக்கு அதனைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் ஒருமுறை கூடுதலாக அலசி, காய்ந்ததும் நன்கு உதறி மடித்தாலே விறைப்பு பெரிதும் குறையும்.

இரண்டாவது, ஈர வாடை. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஒசூரில் மழை, பனிக் காலங்களில் துணி உலர நெடுநேரமாகும். வாடை நுண்ணுயிர்களால் வருவது. நறுமணம் அதனை மறைக்கும், நீக்காது. இருமுறை பிழிந்து, இடைவெளி விட்டு, சன்னலைத் திறந்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில் கிடைக்கும்போது வெளியில் காயவையுங்கள்.

பிளீச்சிங் திரவத்துடன் வினிகர், அமிலம் முதலிய எதனையும் ஒருபோதும் கலக்காதீர்கள். நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

குழந்தை விழுங்கிவிட்டால்

நீல, இளஞ்சிவப்பு நிறமும் இனிய மணமும் குழந்தைகளை ஈர்க்கும். திரவத்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள்.

• குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். வாயைத் துடைத்து, நீரால் கழுவுங்கள்.
• கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள்.
• எச்சில் ஒழுகுதல், விழுங்க இயலாமை, இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிப் பக்கம் வசிப்பவர்களுக்கும் இதே எண்தான்.
• பாட்டிலையோ பாக்கெட்டையோ மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

காரணம் இதுதானா என அறிவது எப்படி?

வீட்டில் எவருக்கேனும் நீங்காத அரிப்போ அடிக்கடி இழைப்போ இருந்தால், மூன்று வாரம் மென்மையாக்கியை முழுவதும் நிறுத்திப் பாருங்கள். படலம் ஒரே சலவையில் போகாது. உடைகளுடன் தலையணை உறை, போர்வை, விரிப்பு ஆகியவற்றையும் இருமுறை துவைத்து அலசுங்கள். இக்காலத்தில் சலவைத்தூளை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால் காரணம் தெரியாது. மருத்துவர் தந்த மருந்துகளையும் இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது.

தொல்லை குறைந்தால் மென்மையாக்கியை அவ்வீட்டில் கைவிடுவதே போதுமானது. குறையாவிட்டால், அல்லது தோலில் நீர் வடிதல், சீழ், காய்ச்சல் கண்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். ஒவ்வாமைப் பொருளைக் கண்டறியும் ஒட்டுச் சோதனை தேவையா என்பதைத் தோல் மருத்துவர் முடிவு செய்வார். பயன்படுத்தும் பொருளின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்துச் சென்றால் அவருக்கு உதவியாக இருக்கும். ஐயங்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.