தெலோம் ஆற்றங்கரை நாய்

வடகோடியிலுள்ள யூக்கோன் பனிநிலத்தைக் களமாகக் கொண்டு ஜாக் லண்டன் எழுதிய ‘ஒயிட் ஃபேங்’ புதினம் 1906ஆம் ஆண்டு வெளிவந்தது. முக்கால் பங்கு ஓநாயும் கால் பங்கு நாயுமாகப் பிறந்த விலங்கொன்று, மனிதரிடையே அடியும் வெறுப்பும் பட்டு வளர்ந்து, இறுதியில் ஒருவரின் அன்புக்கு அடங்குவதே அதன் கதை. காட்டுவிலங்கு இவ்வாறு மனிதரோடு ஒன்றுவது இயலுமா என்னும் வினாவிற்கு விடை தேட, நாம் பனிநிலம் வரை செல்ல வேண்டியதில்லை. கேமரன் மலையிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு.

முதலில் சொல் பற்றி ஒரு விளக்கம். மலாயாக் காடுகளில் ஓநாய் இல்லை; இங்குள்ளது செந்நாய். பாலைத் திணையின் கருப்பொருள்களுள் ஒன்றாக நம் இலக்கண நூலோர் குறித்த அதே விலங்கு. மலாய் மொழியில் ‘செரிகாலா’ என்னும் சொல் இரண்டையும் சுட்டுவதால் மொழிபெயர்ப்போர் தடுமாற நேர்கிறது. நாய்க்கும் ஓநாய்க்கும் பற்கள் 42, செந்நாய்க்கு 40. அது வேறு பேரினம். மனிதர் முற்றத்திற்கு அது ஒருபோதும் வந்ததில்லை.

வந்தது வேறொன்று. கேமரன் மலையில் ஓடும் தெலோம் ஆற்றின் கரைகளில் ஓராங் அஸ்லி மக்களுள் செமாய் இனத்தவர் வாழ்கின்றனர். பூர்வகுடியினர் வளர்த்த நாய்களை 1963இல் ஆர்வில் எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் கண்டு, ஓர் இணையை அமெரிக்காவிற்குக் கொண்டு சென்றார். ஆற்றின் பெயராலேயே ‘தெலோமியன்’ என்று அவை அழைக்கப்பட்டன. தூண்கள்மீது உயர்த்திக் கட்டிய வீடுகளுக்குள் ஏணி ஏறிச் செல்லும் திறன் அவற்றின் சிறப்பு. முன்னங்கால்களைக் கைபோல் பயன்படுத்தவும் வல்லவை. சங்கிலி அறியாமலே குடும்பத்தோடு ஒட்டி வாழ்ந்தன.

எலியட் இவற்றைத் தேடியதில் வியப்பில்லை. ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் அவரும் இருவரும் நடத்திய ஆய்வு 1961இல் வெளியாகியிருந்தது. காக்கர் ஸ்பானியல், பீகிள் ஆகிய, தலைமுறை தலைமுறையாய் மனிதர் மடியில் வளர்ந்த சாதிகளின் குட்டிகளை, உயர்ந்த வேலி சூழ்ந்த திடலில் தாயோடு விட்டனர். சில குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழக்கினர். சிலவற்றிற்கு 14ஆம் வாரம் வரை அப்பழக்கமே வாய்க்கவில்லை. விளைவு யாது? பழகாத குட்டிகள் மனிதரைக் கண்டு காட்டுவிலங்கைப் போலவே அஞ்சி ஒதுங்கின. பின்னர் எவ்வளவு முயன்றும் அவற்றின் அச்சம் முற்றும் தீரவில்லை. ஐந்து முதல் ஏழு வார வயதில் பழகியவையோ எளிதில் ஒன்றின.

ஆகவே, நாய் பெற்றுள்ளது மனிதரோடு ஒன்றும் ஆற்றலை மட்டுமே. ஒன்றுவது பிறந்த சில வாரங்களில் நிகழவேண்டும். ஓநாய்க்குட்டிக்கு அக்காலம் இன்னும் குறுகியது. லண்டனின் ஓநாய்நாயும் குட்டிப்பருவத்திலேயே மனிதர் குடியிருப்பை அடைந்துவிடுகிறது என்பதைப் புதினத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டலாம். (அவ்விலங்கை அடக்கியவர் பெயர் ஸ்காட், எலியட் பணியாற்றிய ஆய்வுக்கூடத்தில் நாய் ஆய்வுகளை நடத்தியவரும் ஒரு ஸ்காட்!)

இதை நம் தேயிலைத் தோட்டங்களில் பொருத்திப் பார்ப்போம். லயத்து வீட்டின் அடியில் பிறந்து, சிறுவர் கைபட்டு வளரும் குட்டி வீட்டு நாயாகிறது. அதே ஈற்றில் பிறந்த மற்றொன்று, வேண்டாமென்று தேயிலை மலையின் கோடியில் விடப்பட்டுப் பிழைத்துக்கொண்டால், அதன் குட்டிகள் மனிதர் முகமே காணாமல் 14 வாரத்தைக் கடந்துவிடும். அவற்றைப் பிறகு நாம் ‘காட்டு நாய்’ என்று அஞ்சுகிறோம். அவை காட்டிற்குள் நுழைந்தால், வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் செந்நாய்க்குப் பரவக்கூடும். உலகில் இனப்பெருக்க வயதுடைய செந்நாய்கள் 2,500க்கும் குறைவே என 2015இல் மதிப்பிட்டுள்ளனர்.