குழந்தைகளின் மனமும் தேசத்தின் கடமையும்

2022-ம் வருஷத்தில் நமது தேசத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்களுள் 13,044 பேர் மாணாக்கர்கள் என்று சர்க்காரின் குற்றப்பதிவுக் கணக்குக் கூறுகிறது. ஒரு யுத்தத்தில் இத்தனை இளைஞர்களை இழந்திருந்தால் பார்லிமெண்டு அதிர்ந்திருக்கும். ஊர்தோறும் பொதுக்கூட்டம் கூடியிருக்கும். இவர்களோ ஒவ்வொருவராக, ஒவ்வோர் ஊரில், ஒவ்வொரு வீட்டில் மறைந்தார்கள். ஆதலால் இது தேசத்தின் நஷ்டமாக யாருக்கும் தோன்றவில்லை. அந்தந்தக் குடும்பத்தின் துர்ப்பாக்கியம் என்று கருதி அடுத்த அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இதற்கெல்லாம் பரீக்ஷையே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அதே கணக்கில் பரீக்ஷையில் தேறாமை காரணமெனக் குறிக்கப்பட்ட மரணங்கள் 2,248. குடும்பக் கலகம், நோய், அவமானம், சொல்ல வாயில்லாத தனிமை ஆகியவற்றால் நெடுநாளாக உள்ளே வளர்ந்த துன்பத்திற்குப் பரீக்ஷை பல சமயங்களில் கடைசித் தூண்டுதல் மாத்திரமே. வெள்ளம் கரையை உடைத்த நாளைப் பேசுகிறோம்; நீர் ஏறிக்கொண்டிருந்த மாதங்களைப் பேசுவதில்லை.

அம்மாதங்கள் எப்போது தொடங்குகின்றன? பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ல் 12 ராஜ்யங்களில் நடத்திய தேசிய மனநல விசாரணையில், 13 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரில் நூற்றுக்கு 7.3 பேர் மனோவியாதியால் வருந்துவதாகக் கண்டார்கள். கிராமங்களில் இது 6.9; பெரு நகரங்களிலோ 13.5. உலகின் பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பண்டிதர்கள், மனோவியாதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், ஏறக்குறையப் பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2021-ல் வெளியிட்டார்கள். அதாவது, பாடசாலைப் பருவத்திலேயே நோயின் விதை முளைத்துவிடுகிறது. நாமோ அது மரமான பிறகு கோடரி தேடுகிறோம். அப்பொழுதும் தேடுவோர் சிலரே. வியாதிக்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறாதிருக்கிறார்கள் என்பதும் அவ்விசாரணையின் முடிவு.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் பழமொழி நம் வீடுகளில் வழங்குகிறது. ஆனால் அதைப் பிரம்புக்குப் பரிந்து பேசவே பெரும்பாலும் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவான் என்பதும் அந்தக் குடும்பத்துப் பழமொழியே. காலையில் பாடசாலை என்றதும் வயிற்று வலி என்று அழும் பத்து வயதுப் பையனைச் சோம்பேறி என்கிறோம். தோழிகளோடு பேச்சை நிறுத்திவிட்ட பெண்ணை அடக்கமுள்ளவள் என்று புகழ்கிறோம். திடீரெனக் கோபங்கொண்டு பொருள்களை எறிபவனைத் துஷ்டன் என்று அடிக்கிறோம். இம்மூவரில் ஒருவருக்கு நோயே இல்லாதிருக்கலாம், ஆனால் மூவரிடமும் அன்போடு, "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்க ஒருவர் வேண்டும். சீக்கிர உதவி என்பதன் முதற்படி இவ்வளவே. மருந்தும் ஆஸ்பத்திரியும் அதற்குப் பின் வருபவை. அநேகக் குழந்தைகளுக்கு அவை வேண்டியே வராது.

சட்டத்தின் நிலையை இனிக் கவனிப்போம். தேசத்துக் குழந்தைகளுக்கெல்லாம் கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டுமென்று கோகலே 1911-ல் இம்பீரியல் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். மறு வருஷம் அது தோற்கடிக்கப்பட்டது. சுதந்திரம் பெற்று அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே, 2002-ல் அரசியல் சட்டத்தில் 21-ஏ பிரிவு சேர்ந்தது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. குழந்தைகளைப் பாடசாலைக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது முதற் போராட்டம். சேர்ந்த குழந்தை அங்கே மனமுடையாமல் வளர வேண்டும் என்பது இரண்டாவது. அதே சட்டத்தின் 17-வது பிரிவு, மாணாக்கரை அடிப்பதை மட்டுமன்றி மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது.

2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைவிட ஒரு படி மேலே செல்கிறது. மனோவியாதிக்குச் சிகிச்சை பெறுவது பிரஜையின் உரிமை. குழந்தைகளுக்கென்று தனியே மனநல உதவி ஏற்பாடு செய்வது சர்க்காரின் கடமை என்று அதன் 18-வது பிரிவு விதிக்கிறது. முன்னர் உயிரை விடத் துணிந்து பிழைத்தவரை இந்தியன் பீனல் கோடு 309-வது செக்ஷன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திற்று. போலீஸுக்கு அஞ்சிப் பெற்றோர் விஷயத்தை மறைத்தார்கள். மறைத்ததனால் குழந்தைக்கு உதவி கிட்டவில்லை. அப்படி முயன்றவர் கடும் மனவேதனையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டத்தின் 115-வது பிரிவு கூறிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதையில், பொது ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி நீங்கலாக, அந்தக் குற்றமே இல்லை. பெற்றோர் இதை அறிய வேண்டும். பிழைத்த குழந்தையை ஒளிக்க வேண்டியதில்லை. உதவி கேட்பதில் சட்டபயம் இல்லை.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு மாணாக்கரின் மரணம் பற்றிய வழக்கில் தேச முழுவதற்கும் உத்தரவு பிறப்பித்தார்கள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கரைக் கொண்ட ஒவ்வொரு கல்வி ஸ்தாபனமும், குழந்தைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், மனோதத்துவ நிபுணர் அல்லது சமூக ஊழியர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். அதனிலும் சிறிய ஸ்தாபனங்கள் வெளியிலுள்ள நிபுணரோடு நிலையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மார்க்கைக் கொண்டு மாணாக்கரை வகுப்புப் பிரிப்பதும், பலர் முன்னிலையில் அவமதிப்பதும் கூடாது. சர்க்கார் பாடசாலை, தனியார் பாடசாலை, தனிப்பயிற்சி நிலையம், விடுதி யாவற்றிற்கும் இது பொது. தக்க சட்டம் இயற்றப்படும் வரையில் இதுவே சட்டம்.

இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது. ஊரில் ஏன் இல்லை? "வைத்தியர்கள் போதாது" என்பது வழக்கமாக வரும் விடை. விடை பொய்யன்று. லக்ஷம் ஜனங்களுக்கு ஒரு மனோவைத்தியர்கூட நமது தேசத்தில் இல்லை. ஆனால் அந்தக் குறை தீரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. அவ்வாறு காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்குப் பீஹாரின் நாலந்தா ஜில்லா பிரத்தியக்ஷ சாட்சியம் அளித்திருக்கிறது.

கோவாவில் 1996-ல் ஸ்தாபிக்கப்பட்ட 'சங்காத்' என்னும் தர்ம ஸ்தாபனத்தார், அந்த ஜில்லாவிலுள்ள 74 சர்க்கார் உயர்தரப் பாடசாலைகளில் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். சில பாடசாலைகளில், வைத்தியப் பட்டமோ மனோதத்துவப் பட்டமோ இல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சியளித்து ஆலோசகர்களாக அமர்த்தினார்கள். வேறு சிலவற்றில் அதே பயிற்சியை அந்தந்தப் பாடசாலை உபாத்தியாயருக்கே கொடுத்தார்கள். எஞ்சியவற்றில் புதிதாக ஆளை வைக்கவில்லை. ஆலோசகரின் வேலை ஆடம்பரமானதன்று. காலைக் கூட்டத்தில் பேசுவார். சுவர்ப் பத்திரிகை நடத்துவார். பெயர் போடாமல் மாணாக்கர் குறை எழுதிப் போட ஒரு பெட்டி வைப்பார். துன்பப்படுபவரைத் தனியே அழைத்துப் பேசி, பிரச்னையைப் பகுத்து வழி காண உதவுவார். தம்மால் இயலாததை வைத்தியரிடம் அனுப்புவார்.

2018-ல் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. ஆலோசகர் இருந்த பாடசாலைகளில் மாணாக்கரின் மனச்சோர்வு குறைந்தது. ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் அடிதடியும் குறைந்தன. பாடசாலையின் சூழ்நிலையே மாறியது. உபாத்தியாயரிடம் அதே வேலை ஒப்படைக்கப்பட்ட பாடசாலைகளில் குறிப்பிடத்தக்க பலன் ஏற்படவில்லை.

இம்முடிவின் பின்பாதியே நமக்குப் பெரிய பாடம் என்று கருதுகிறோம். உபாத்தியாயர் அன்பில்லாதவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவருக்குப் பாடம் உண்டு, பரீக்ஷை உண்டு, சர்க்கார் இடும் வேறு அலுவல்களும் உண்டு. அன்றியும், மார்க்குப் போடுகிற கையிடமே மாணாக்கன் தன் அச்சத்தைச் சொல்லத் தயங்குவது இயல்பு. ஆகவே, "உபாத்தியாயர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்துவிட்டோம்" என்று அறிக்கை அனுப்பிச் சர்க்கார் கடமையை முடித்துக்கொள்வதை இனி நாம் ஏற்க முடியாது. குழந்தைக்கு அருகில், இதே வேலைக்கென்று, தண்டிக்கும் அதிகாரம் இல்லாத ஒரு மனிதர் வேண்டும். அப்படிப்பட்டவரை ஒவ்வொரு ஜில்லாவிலும் தயார் செய்ய முடியும்.

பாடசாலைக்கு முந்திய பருவத்தையும் மறக்கலாகாது. 2013-ல் ஆரம்பிக்கப்பட்ட தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வருஷம் இரு முறையும், சர்க்கார் பாடசாலைகளுக்கு ஒரு முறையும் சென்று, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ளோரைப் பார்க்க வேண்டும். பேச்சு வராமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வளர்ச்சித் தாமதம் முதலியவற்றைக் கண்டறிந்து ஜில்லாவிலுள்ள சீக்கிர உதவி நிலையத்துக்கு அனுப்புவதும் அவர்கள் வேலையே. "தாமதமாகப் பேசுகிற பிள்ளை, தானே சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வதை நம்பி இரண்டு வருஷம் இருந்துவிட்டால், பயிற்சிக்கு மிகவும் ஏற்ற காலம் போய்விடுகிறது.

இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், குழந்தைகளுக்கு ஏது மனக்கவலை என்பாரும் உளர். 13,044 என்ற எண்ணே அவர்களுக்குப் பதில். குழந்தைகளுக்குப் பைத்தியப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று அஞ்சுவோரின் கவலை நியாயமானது. ஆனால் ஆலோசகர் பேசுவது கஷ்டத்தைப் பற்றி. வியாதியின் பெயரைப் பற்றியன்று. பணம் ஏது என்பார்க்கு ஒன்று சொல்வோம்: சில மாறுதல்களுக்குப் பணமே வேண்டாம். தமிழ்நாட்டில் பொதுப் பரீக்ஷைகளில் ராஜ்ய முதல் மாணாக்கர் இன்னார் என்று பட்டியல் வெளியிடும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. தேறாதவர் ஒரு வருஷம் வீணாகாமல் உடனே மறுபரீக்ஷை எழுதவும் இங்கே வழி உண்டு. மனம் இருந்ததால் இவை செய்யப்பட்டன.

இனித் தேச ஊழியர்கள் செய்ய வேண்டியது யாது? கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, சர்க்கார் பாடசாலைகளிலும் சர்க்கார் உதவி பெறும் பாடசாலைகளிலும் நிர்வாகக் குழு உண்டு. அதன் அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் ஸ்திரீகள். அடுத்த கூட்டத்துக்கு ஊர்ப் பெற்றோரைத் திரட்டிச் செல்லுங்கள். நான்கு கேள்விகள் கேளுங்கள். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி ஆலோசகர் இருக்கிறாரா? இல்லையேல் எந்தத் தேதிக்குள் வருவார்? வைத்தியக் குழுவினர் இவ்வருஷம் வந்தார்களா? நோயுற்ற குழந்தையை அனுப்ப ஜில்லா மனநலத் திட்டத்தின் எந்த ஆஸ்பத்திரியோடு ஏற்பாடு இருக்கிறது? விடைகளைத் தீர்மானமாக எழுதிக் கலெக்டருக்கு அனுப்புங்கள். 2022 அக்டோபரில் ஏற்பட்ட மனநல உதவித் தொலைபேசி 14416, குழந்தைகள் உதவித் தொலைபேசி 1098 என்னும் இரண்டு எண்களையும் பாடசாலைச் சுவரில் பெரிதாக எழுதச் செய்யுங்கள். தனியார் பாடசாலைகளையும் பயிற்சி நிலையங்களையும் கட்டணம் செலுத்தும் பெற்றோரே கேட்க வேண்டும்.

ஊர்வலங்களிலும் மகாநாடுகளிலும், நாளைய பாரதம் இன்றைய குழந்தைகளின் கையில் என்று நாம் ஓயாமல் முழங்கி வருகிறோம். அந்தக் கை நடுங்கும்போது பற்றிக்கொள்ள ஒருவரை அருகில் வைக்காத வரையில் அம்முழக்கம் வெறுஞ் சொல்லே. சட்டம் தயார், வழியும் கண்டாகிவிட்டது. கேட்பார் வேண்டும். அந்தக் கேள்வியை ஒவ்வோர் ஊரிலும் நம் ஊழியர்கள் இவ்வருஷமே கேட்பார்களாக!