பட்டாளத்தில் 'டிஸ்மிஸ்' ஆன ஜவானுக்கு போன பென்ஷன் திரும்ப கிடைக்குமா?

லீவில் ஊருக்கு வந்த ஜவான் குறித்த தேதியில் திரும்பிப் போகவில்லை. தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், நிலத் தகராறு என்று ஏதோ ஒரு காரணம். ஒரு வாரம் ஒரு மாதமாகி, ஒரு மாதம் மூன்று மாதமாகி விடுகிறது. பிறகு பயந்து பயந்து யூனிட்டுக்குப் போகிறார். கொஞ்ச நாளில் பெட்டி படுக்கையோடு ஊர் திரும்புகிறார். "பட்டாளத்துல இருந்து அனுப்பிட்டாங்களாம்" என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு.

வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் வேலூர் பக்கத்து கிராமங்களில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. அப்படி வந்தவர்களில் பலர் செக்யூரிட்டி வேலைக்குப் போய் காலத்தை ஓட்டுகிறார்கள். பென்ஷனும் போச்சு, பேரும் போச்சு என்று அவர்களே முடிவு கட்டி விடுகிறார்கள்.

ஆனால் சட்டம் அப்படி ஒரேயடியாக கதவை மூடவில்லை. தப்பு செய்து வெளியேற்றப்பட்டவர்களிலும் சிலர் கோர்ட்டுக்குப் போய் பென்ஷன் வாங்கி இருக்கிறார்கள். சிலர் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வெறுங்கையோடு திரும்பி இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் விஷயம்.

டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு

ஊரில் எல்லாவற்றையும் "டிஸ்மிஸ்" என்றே சொல்கிறார்கள். பல ஜவான்களுக்கே தன்னை எந்த வகையில் அனுப்பினார்கள் என்பது சரியாகத் தெரியாது. ஆனால் பென்ஷன் கிடைப்பதும் போவதும் இந்த ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது.

'டிஸ்மிஸ்' என்பது தண்டனை. கோர்ட் மார்ஷல் விசாரணை நடத்தி தண்டனையாக கொடுப்பது உண்டு. 1950-ம் ஆண்டு ராணுவ சட்டம் 20-வது பிரிவின்படி மேலதிகாரிகள் உத்தரவு போட்டு நீக்குவதும் உண்டு. டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்கு அதற்கு முன்பு பார்த்த சர்வீஸ் எத்தனை ஆண்டாக இருந்தாலும் பென்ஷனோ கிராஜூட்டியோ கிடையாது. 1961-ம் ஆண்டு பென்ஷன் விதிகளில் 113-வது விதி இதைத்தான் சொல்கிறது. 14 ஆண்டு 11 மாதம் பனியில் நின்றிருந்தாலும் அதே கதிதான்.

'டிஸ்சார்ஜ்' அப்படி இல்லை. "உன் சேவை இனி தேவையில்லை" என்று நிர்வாக ரீதியில் அனுப்பி வைப்பது. பெயருக்கு கறை விழத்தான் செய்யும். ஆனால் 15 ஆண்டு சர்வீஸ் முடிந்திருந்தால் பென்ஷன் உண்டு.

அதனால்தான் வழக்குக்கு போகிறவர்கள் "டிஸ்மிசை டிஸ்சார்ஜ் ஆக மாற்றுங்கள்" என்று கேட்கிறார்கள். திரும்ப யூனிபார்ம் போட ஆசைப்பட்டு கேட்பது இல்லை. 50 வயதில் யார் யூனிபார்ம் போடப் போகிறார்கள்?

113-வது விதியிலேயே ஒரு சின்ன ஜன்னலும் திறந்திருக்கிறது. விதிவிலக்கான கேஸ்களில், டிஸ்மிஸ் ஆனவருக்கும் ஜனாதிபதியின் விருப்ப அதிகாரத்தின் பேரில் பென்ஷன் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. அன்றைய தேதியில் டிஸ்சார்ஜ் ஆகி இருந்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ, அதற்கு மேல் போகக் கூடாது. இந்த விதியைக் காட்டி மனு போடலாம் என்பது பல பேருக்கு தெரியாது.

நாலு சிவப்பு மை

ராணுவத்தில் ஒருவர் தப்பு செய்தால் அவருடைய ரெக்கார்டில் எழுதி வைப்பார்கள். சின்ன தண்டனை என்றால் கறுப்பு மை. பெரிய தண்டனை என்றால் சிவப்பு மை. லீவு முடிந்தும் வராமல் இருந்தது, குடித்தது, சொன்ன பேச்சு கேட்காதது என்று ஒவ்வொன்றாக சேரும். "நாலு சிவப்பு விழுந்தா ஆள் வீட்டுக்கு" என்பது பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

ஆனால் இந்தப் பேச்சு பாதிதான் உண்மை. ராணுவ தலைமையகம் 28-12-1988 அன்று அனுப்பிய கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது. நாலு சிவப்பு மை விழுந்ததற்காக அனுப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முதலில் பாரபட்சம் இல்லாமல் ஒரு விசாரணை நடத்த வேண்டும். நோட்டீஸ் கொடுத்து பதில் கேட்க வேண்டும். ஒவ்வொரு சிவப்பு மையும் எதற்காக விழுந்தது என்று பார்க்க வேண்டும். பென்ஷனை நெருங்கி விட்டவரிடம் கடுமை காட்டக் கூடாது. எத்தனை வருஷம் உழைத்தார், எந்தெந்த கஷ்டமான இடங்களில் இருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இத்தனையும் ராணுவமே தன் அதிகாரிகளுக்கு எழுதி அனுப்பியதுதான்.

பீரங்கிப் படையில் 1980-ல் சேர்ந்த வீரேந்திர குமார் துபே என்பவரை 1992-ல் சிவப்பு மை கணக்கைக் காட்டி அனுப்பி விட்டார்கள். அவர் விடவில்லை. கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2015-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அந்த விசாரணையை முறைப்படி நடத்தாமல் அனுப்பியது செல்லாது என்று நீதிபதிகள் கூறி விட்டார்கள். பென்ஷனுக்குத் தேவையான காலம் வரை அவர் சர்வீசில் இருந்ததாகவே கருதி பென்ஷன் கொடுக்க வேண்டும், ஆனால் இடைப்பட்ட காலத்துக்கு சம்பள பாக்கி கிடையாது என்று உத்தரவு.

கவனிக்க வேண்டியது இதுதான். அவர் தப்பே செய்யவில்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. அனுப்பிய முறைதான் தப்பு என்று சொன்னது. அதற்கு அவர் காத்திருந்தது 23 ஆண்டு.

சாப்பிட மறுத்ததற்கு ஓராண்டு ஜெயில்

இன்னொரு கேஸ் இதை விட விசித்திரமானது. சிக்னல் படையில் இருந்தவர் ரஞ்சித் தாக்கூர். தன் மேலதிகாரி தன்னை மோசமாக நடத்துகிறார் என்று, அந்த அதிகாரியைத் தாண்டி நேராக மேலிடத்துக்கு புகார் அனுப்பி விட்டார். அது குற்றம் என்று 28 நாள் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அந்த தண்டனையில் இருக்கும்போது, 1985-ம் ஆண்டு மே மாதம், அவரை "சாப்பிடு" என்று சொன்னார்கள். அவர் சாப்பிடவில்லை.

உத்தரவை மீறி விட்டார் என்று உடனே 'சம்மரி கோர்ட் மார்ஷல்' வைத்தார்கள். விசாரித்தவர்களில், அவர் யார் மீது புகார் கொடுத்தாரோ அந்த அதிகாரியும் ஒருவர்! ஓராண்டு ஜெயில், அதோடு டிஸ்மிஸ்.

சுப்ரீம் கோர்ட்டு 1987-ல் அதை ரத்து செய்தது. புகாருக்கு ஆளானவரே நீதி சொல்ல உட்கார்ந்தது ஒரு தப்பு. குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தமே இல்லாதது இன்னொரு தப்பு. எல்லா பலன்களோடும் மீண்டும் வேலை கொடுக்க உத்தரவானது. கொசுவை அடிக்க பீரங்கி எடுத்தால் கோர்ட்டு கேள்வி கேட்கும் என்பதற்கு வக்கீல்கள் இன்றும் இந்தக் கேசைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

இந்த சம்மரி கோர்ட் மார்ஷலை கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நடத்தி தீர்ப்பு சொல்லலாம். அதனால் அதில் தப்பு நடக்கவும் வாய்ப்பு அதிகம். உடனே நடவடிக்கை எடுத்தே தீர வேண்டிய அவசரம் இருந்தால்தான் இதை நடத்த வேண்டும், அந்த அவசரம் என்ன என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் கண்டிப்பாக சொல்லி விட்டது. எழுதி வைக்காத கேஸ்களில் ஜவான் பக்கம் பலம் கூடுகிறது.

108 நாள் வராதவர்

இதைப் படித்து விட்டு எல்லா கேசும் ஜெயித்து விடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2023-ம் ஆண்டு ஜூலையில் வந்த தீர்ப்பையும் பார்க்க வேண்டும்.

1983-ல் டிரைவராக சேர்ந்தவர் மதன் பிரசாத். 1998 கடைசியில் லீவில் போனார். லீவை நீட்டியும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் 108 நாள் வரவில்லை. "மனைவிக்கு உடம்பு சரியில்லை" என்றார். டிஸ்மிஸ் செய்து விட்டார்கள். சர்வீஸ் 15 ஆண்டைத் தாண்டி இருந்தும் சுப்ரீம் கோர்ட்டு கை கொடுக்கவில்லை. ஏற்கனவே பல முறை தண்டனை வாங்கியவர். மனைவிக்கு கடுமையான வியாதி, தொடர்ந்து சிகிச்சை தேவைப்பட்டது என்று காட்ட ஒரு துண்டு காகிதம்கூட கொடுக்கவில்லை. ராணுவத்தில் இந்த அளவு ஒழுங்கீனத்தை பொறுத்துக் கொள்ள முடியாது என்று நீதிபதிகள் கூறி விட்டார்கள்.

ஆஸ்பத்திரி சீட்டு ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் இல்லாதது அவருக்கு எதிராகப் போனது.

திருட்டு, பணம் கையாடல், ஆயுதத்தோடு ஓடியது போன்ற கேஸ்களில் கருணை கேட்பது இன்னும் கஷ்டம். ஓடிப் போய் திரும்பவே வராதவர்களை பொதுவாக 3 ஆண்டு பார்த்து விட்டு டிஸ்மிஸ் செய்கிறார்கள். போர்முனை போன்ற இடங்களில் இருந்து ஓடியவர்களுக்கு 10 ஆண்டு. இவர்களில் பலருக்கு டிஸ்மிஸ் ஆன விஷயமே காலம் கடந்துதான் தெரிகிறது.

எங்கே மனு கொடுப்பது?

எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்குப் போனால் எடுபடாது. முதலில் ராணுவத்துக்கே மனு போட வேண்டும். கோர்ட் மார்ஷல் தண்டனை என்றால் ராணுவ சட்டம் 164-வது பிரிவின்படி மத்திய அரசுக்கோ தலைமை தளபதிக்கோ மனு போகும்.

அதில் நியாயம் கிடைக்காவிட்டால் ஆயுதப்படை தீர்ப்பாயம். 2007-ல் சட்டம் வந்து 2009-ல் தொடங்கியது. சென்னையிலும் இதன் கிளை இருக்கிறது. ஒரு நீதிபதியும், ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். கோர்ட் மார்ஷல் கொடுத்த தண்டனை அதிகம் என்று தெரிந்தால் அதைக் குறைக்கவும் வேறு சிறிய தண்டனையாக மாற்றவும் இவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ் ஆவது இந்த அதிகாரத்தில்தான்.

கெடு ஒன்று இருக்கிறது. மேலிடத்தில் இருந்து கடைசி பதில் வந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு வந்து விட வேண்டும். மனு கொடுத்து 6 மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றால் அதற்கு அடுத்த 6 மாதத்துக்குள் வரலாம். தாமதத்துக்கு சரியான காரணம் காட்டினால் மன்னிப்பார்கள். "எனக்கு சட்டம் தெரியாது" என்று 20 வருஷம் கழித்து வந்தால் சந்தேகம்தான்.

தீர்ப்பாயத்தில் தோற்றாலும் ஐகோர்ட்டுக்குப் போகலாம். நடுவில் சில ஆண்டுகள் இது முடியாமல் இருந்தது. 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வழியைத் திறந்து விட்டது. டெல்லி வரை அலைய வசதி இல்லாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

15 ஆண்டுக்கு சில மாதம் குறைகிறது என்றால் 12 மாதம் வரையிலான குறையை மன்னித்து பென்ஷன் கொடுக்க விதி உண்டு. டிஸ்சார்ஜ் ஆக மாறிய பிறகுதான் இந்தப் பேச்சுக்கே இடம். 2022-ல் இருந்து 'அக்னிவீர்' ஆக சேர்கிறவர்களுக்கு இந்த 15 ஆண்டு கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 4 ஆண்டுதான், பென்ஷனும் கிடையாது.

ரெக்கார்ட் அழிந்து விடும்

வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பு பேப்பர்களைத் திரட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் புக், டிஸ்மிஸ் உத்தரவு, அந்தக் காலத்து ஆஸ்பத்திரி சீட்டுகள், வீட்டில் இருந்து போன தந்தி, கடிதம் எதுவானாலும் சரி. குடிப்பழக்கத்துக்கோ மனநோய்க்கோ ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அந்தக் காகிதம் ரொம்ப முக்கியம். வியாதியை ஒழுங்கீனம் என்று எழுதி விட்டார்களா என்று கேட்க அதுதான் ஆதாரம். கோர்ட் மார்ஷல் விசாரணை நகலைக் கேட்டு வாங்க ஜவானுக்கு உரிமை இருக்கிறது. மற்றவற்றை தகவல் உரிமை சட்டப்படி 10 ரூபாய் கட்டி ரெக்கார்ட் ஆபீசில் கேட்கலாம்.

இதில் ஒரு ஆபத்து. பென்ஷன் வாங்காதவர்களின் சர்வீஸ் ரெக்கார்டுகளை 25 ஆண்டு வைத்திருந்து விட்டு ராணுவம் அழித்து விடுகிறது. அதற்குப் பிறகு நோட்டீஸ் கொடுத்தார்களா, விசாரணை நடந்ததா என்று பார்க்க பைலே இருக்காது. 2001, 2002-ல் வெளியே வந்தவர்களுக்கு அந்த நாள் வந்து விட்டது அல்லது நெருங்கி விட்டது.

ஜவான் இறந்து போயிருந்தாலும் கேஸ் செத்துப் போவதில்லை. மனைவியோ வாரிசோ தீர்ப்பாயத்துக்குப் போக சட்டம் இடம் கொடுக்கிறது. டிஸ்மிஸ் மாறி பென்ஷன் வந்தால் மனைவிக்கு குடும்ப பென்ஷன் கேட்க வழி பிறக்கும். வக்கீல் வைக்க பணம் இல்லை என்றால், மாவட்ட கோர்ட்டில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அங்கே வருமான சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.