எம்பிபிஎஸ்ஸா, பிடிஎஸ்ஸா?

சிதம்பரம் ரயிலடியைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். அங்கே ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-இல் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி வந்தது 1985-இல். இந்த ஊரில் பல் மருத்துவம்தான் ஐந்து வயது மூத்தது. ஆனாலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இன்றும் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: “எம்பிபிஎஸ் கிடைச்சா பாப்போம், இல்லன்னா பிடிஎஸ் போட்டுக்கலாம்.”

இரண்டு கல்லூரிகளும் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தவரை கட்டணம் லட்சக்கணக்கில் போனது. அரசுக் கல்லூரிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கல்லூரிகள் மக்கள் நல்வாழ்வுத் துறைக்குக் கீழ் வந்தன. அப்போது அரசு அறிவித்த கட்டணம், ஆண்டுக்கு எம்பிபிஎஸ்ஸுக்கு 13,610 ரூபாய், பிடிஎஸ்ஸுக்கு 11,610 ரூபாய். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரம் ரூபாய்தான். அரசு இடம் கிடைக்கும் பிள்ளைக்குப் பணக் கணக்கு இங்கே முடிந்துபோகிறது. மிச்சம் இருப்பது, எந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகிறோம் என்ற கேள்வி.

நீட் ஒன்றுதான், தரவரிசையும் ஒன்றுதான். மதிப்பெண் கூடியவர்கள் எம்பிபிஎஸ் இடங்களை முதலில் எடுத்துவிடுவதால் மிஞ்சியவர்களுக்குப் பிடிஎஸ் என்று ஆகிவிட்டது. இது கவுன்சலிங் வரிசை செய்த வேலை. படிப்பின் தரத்தை அதைக் கொண்டு அளக்கக் கூடாது.

முதல் ஆண்டில் அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி இருவருக்கும் உண்டு. ஆனால் பிடிஎஸ் மாணவர் கையில் அப்போதே ஒரு மெழுகுக் கட்டியும் செதுக்கும் கத்தியும் வந்துவிடும். கடைவாய்ப் பல்லின் மேடு, பள்ளம், வேரின் வளைவு எல்லாவற்றையும் மில்லிமீட்டர் கணக்கில் செதுக்கிக் காட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் தவறினால் புதுக் கட்டி எடுத்து மறுபடியும் முதலிலிருந்து. அதன் பிறகு பொம்மைத் தலையில் பழக்கம், மூன்றாம் ஆண்டு வாக்கில் உயிருள்ள வாய். மேல்தாடைப் பல்லின் பின்பக்கத்தை நேரே பார்க்க முடியாது. சின்னக் கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே கருவியை நகர்த்த வேண்டும். பிம்பம் ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும். நோயாளி எச்சில் விழுங்குவார், நாக்கு குறுக்கே வரும். அதில் பதற்றமில்லாமல் வேலை செய்வதில் சந்தோஷம் காண்கிற பிள்ளைக்குப் பல் மருத்துவம் வரம். கைவேலையில் நாட்டமில்லாத பிள்ளையை, மார்க் போதவில்லை என்பதற்காக அந்த நாற்காலிப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

எம்பிபிஎஸ் வேறு உலகம். நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன். மூச்சுத் திணறி வருபவர், பாம்பு கடித்து வருபவர், பிரசவ வலியோடு வருபவர் என்று எல்லோரையும் பார்த்தாக வேண்டும். இரவு டூட்டி உண்டு. வார்டில் சாவைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய் நிற்க வேண்டும். இன்றைய நிலையில் எம்பிபிஎஸ்ஸோடு படிப்பு முடிந்தது என்று யாரும் நினைப்பதில்லை. முதுநிலைக்கு மறுபடி நீட், மறுபடி மூன்று ஆண்டு. முப்பது வயதுவரை பரீட்சை எழுதத் தயாரா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

பிடிஎஸ் நாலும் ஒன்றும் ஐந்து ஆண்டு. முடித்தவுடன் தனியாகத் தொழில் செய்யலாம். ஆனால் நாற்காலி, கம்ப்ரஸர், எக்ஸ்ரே, கருவிகளைச் சுத்திகரிக்க ஆட்டோகிளேவ் என்று முதல் போட வேண்டும். அரசு வேலையில் டாக்டர் பணியிடங்களோடு ஒப்பிட்டால் பல் மருத்துவர் பணியிடம் மிகவும் குறைவு. ஆகவே சொந்த கிளினிக்கோ, இன்னொருவர் கிளினிக்கில் வேலையோ, எம்டிஎஸ்ஸோதான் பெரும்பாலோருக்கு வழி. எம்டிஎஸ்ஸில் வேர் சிகிச்சை, பல் சீரமைப்பு, தாடை அறுவை சிகிச்சை என்று ஒன்பது பிரிவுகள் உண்டு. குனிந்தே நிற்பதால் கழுத்தும் முதுகும் வலிக்கும் தொழில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். “பொம்பளப் பிள்ளைக்கு நைட் டூட்டி இல்லாத படிப்பு” என்று மட்டும் சொல்லிப் பிடிஎஸ் எடுக்க வைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் சொல்லும் காரணம் எதுவும் காரணமாகாது.

வாயை உடம்பிலிருந்து பிரித்தது மனிதர்கள் செய்த ஏற்பாடு. உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தனியாகத் தொடங்கியது. பல நாடுகள் அந்த வழியில் போயின. இத்தாலியில் 1980 வரைக்கும் டாக்டருக்குப் படித்தவர்தான் பல்லையும் பார்த்தார். நோய் இந்தப் பிரிவினையைப் பார்த்து வருவதில்லை. பாக்கும் புகையிலையும் போட்டுப் போட்டு வாய் இறுகிப்போனவர் பல் ஓபிக்குத்தான் முதலில் வருவார், காரம் பட்டால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு. மூன்று விரலைச் சேர்த்து நெட்டாக வாய்க்குள் விடச் சொல்வார்கள். இரண்டு விரலுக்கு மேல் போகாது. பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை அது. அங்கே நிற்கும் பல் மருத்துவர் கண்டுபிடித்தால் ஓர் உயிர் தப்பலாம். இதைப் பார்த்த பிறகும் பிடிஎஸ்ஸை ஆறுதல் பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிடிஎஸ் சேர்ந்துவிட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற வழியில்லை. மறுபடி நீட் எழுதி, முதல் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனம் முழுக்க எம்பிபிஎஸ் என்றால், குடும்பத்தால் தாங்க முடியும் என்றால், ஓராண்டு காத்திருந்து எழுதுவது நேர்மையான வழி. அந்த ஓராண்டுக்கு ஓர் எல்லையையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் லாக் செய்வதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் பிள்ளையை அண்ணாமலை நகருக்கு அழைத்துப் போங்கள். பல் ஓபி வெளியே ஒரு மணி நேரம், பொது மருத்துவ ஓபி வெளியே ஒரு மணி நேரம் உட்கார விடுங்கள். வெளியே வரும் ஹவுஸ் சர்ஜன்களிடம் அவர்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பிள்ளையே கேட்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளி, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருங்கள்.